பாட்டுடைத் தலைவியர் இலக்கணம்: வேலைக்குப் போவோர் இயல்

நூல் என்று ஒன்று எழுதினால் பாயிரம் இல்லாமல் ஆகாது. பாயிரத்துக்கு உறுப்புகள் நிறைய உண்டு. இந்த நூலுக்கு மூன்று போதும். எல்லை: கிழக்கே பிராட்வே, மேற்கே பசிபிக் கடல், காலத்தால் 1929 முதல் 1964 வரை. நுதலிய பொருள்: பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களில் கூலிக்கு உழைத்து, இடையிடையே பாடி, கடைசி ரீலில் காதலனைக் கைப்பிடிக்கும் பெண். கேட்போர்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தூங்க மனமும் இல்லாமல் எழுந்து வேலை பார்க்கத் தெம்பும் இல்லாமல் பழைய படம் ஒன்றை ஓடவிட்டு உட்காரும் எவரும்.

முதலில் வரையறை. வேலைக்குப் போகும் பெண் என்பவள் வாரக் கடைசியில் இன்னொருவர் கையிலிருந்து சம்பளம் வாங்க வேண்டியவள். அந்தச் சம்பளம் ஒரு வாரம் தவறினால் வாடகைக்கு வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுவாள். இளவரசி வேலைக்காரி வேஷம் போட்டால் அவள் இந்த இலக்கணத்துக்குள் வரமாட்டாள். பணக்கார வீட்டுப் பெண் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போவதும் சேராது. அது பொழுதுபோக்கு, பொழுதுபோக்குக்குத் தனி இலக்கணம் எழுதிக்கொள்ளலாம்.

இவர்களை எதைக் கொண்டு வகுப்பது? தொழிலைக் கொண்டு வகுக்கலாம்: பரிமாறுகிறவள், தைக்கிறவள், தட்டச்சு அடிக்கிறவள், டெலிபோன் எடுக்கிறவள் என்று. அது வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வகைப்பாடு, ரசிகனுக்கு உதவாது. காதலனைக் கொண்டு வகுக்கலாம் என்பாரும் உளர். ஆனால் காதலன் எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான். முதலில் எரிச்சல் மூட்டுவான், நடுவில் ஒரு பொய் சொல்வான், கடைசியில் ஆடுவான். எனவே நாம் கொள்ளும் அளவுகோல் வேறு. பாட்டு தொடங்கும் அந்தக் கணத்தில் அவள் கையில் என்ன இருக்கிறது? இதைப் பார்ப்பது எளிது. ஏமாற்றவும் ஏமாற்றாது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு படங்களுக்குள் போனால் வாசலிலேயே ஒரு பொது விதி காத்திருக்கிறது: வேலையும் பாட்டும் ஒரே கையில் நில்லா. தட்டு கையில் இருக்கும்வரை அவள் பாடுவதில்லை. பாட வாயெடுத்தால் தட்டு எங்கேயோ போய்விடுகிறது. வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றிய படங்கள் என்று பெயர் வாங்கியவை, அவள் வேலை பார்க்கும் நேரத்தை எவ்வளவு சாமர்த்தியமாகக் கடந்துபோகின்றன என்பதுதான் இந்த இயலின் முழுப்பொருள். மற்றதெல்லாம் உதாரணம்.

மூத்தவள் மாலி கார். 'சன்னி சைட் அப்' (1929) படத்தில் ஜேனட் கேனர் நடித்தது. நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புத் தெருவில் படம் தொடங்குகிறது. காமிரா அவசரமே இல்லாமல் ஜன்னல் ஜன்னலாக ஊர்ந்து, ஒண்டுக்குடித்தனங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறது. பேசும்படம் வந்த புதிதில், ஒலிவாங்கிக்குப் பயந்து காமிராவை ஒரே இடத்தில் நட்டுவைத்த காலத்தில், இது பெரிய துணிச்சல். மாலி பாடுகிறாள், நன்றாகவே பாடுகிறாள். ஆனால் அன்று ஜூலை 4, நாடு முழுவதற்கும் விடுமுறை, தெருவில் விழா. ஆகவே இவள் 'விடுமுறைப் பாடினி'. பிறகு லாங் ஐலண்டின் பணக்காரப் பையன் ஒருவன், தன் வருங்கால மனைவிக்குப் பொறாமை மூட்டுவதற்காக, மாலியைச் சீமாட்டியாக நடிக்கக் கூட்டிப்போகிறான். துணைக்குப் போகும் தோழமைகள் அவளுடைய வேலையாட்களாக வேஷம் கட்டுகிறார்கள். உழைப்பாளிகள் உழைப்பாளிகளாகவே நடித்து மாட்டிக்கொள்ளும் நிலைமை எவ்வளவு நுட்பமானது என்பது அந்தப் படத்துக்கே முழுதாகத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அதே ஆண்டு வந்த 'சாலி'யில் மேரிலின் மில்லர் ஓட்டலில் பரிமாறுகிறவள். ஆனால் கடைசியில் பிராட்வே தயாரிப்பாளர் ஜீக்ஃபெல்டின் மேடைக்கு ஏறிவிடுகிறாள். வண்ணத்தில் எடுத்த படம் அது. இன்று வண்ணத்தில் எஞ்சியிருப்பது சில நிமிடத் துண்டு மட்டுமே, மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.

விதிக்கு வலுவான சான்று ஒரு படத்துக்குள் இல்லை, வெட்டுமேசையில் இருக்கிறது. 1954இல் ஜார்ஜ் கியூகர் இயக்கி ஜூடி கார்லண்ட் நடித்த 'எ ஸ்டார் இஸ் பார்ன்' வெளியானபோது மூன்று மணி நேரம் ஓடியது. தியேட்டர்காரர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. நீளமான படம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு காட்சி குறையும். வார்னர் பிரதர்ஸ் கத்திரியை எடுத்து ஏறத்தாழ அரை மணி நேரத்தை வெட்டினார்கள். எதை வெட்டினார்கள்? நாயகி எஸ்தர், பெரிய நட்சத்திரமாவதற்கு முன், கார்களுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் பகுதியும் அதில் போனது. 1983இல் படத்தை மீட்டெடுத்தவர்களுக்கு ஒலித்தடம் கிடைத்தது. படச்சுருள் எல்லா இடத்துக்கும் கிடைக்கவில்லை. அதனால் இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது, எஸ்தர் வேலை பார்க்கும் இடம் வந்ததும் படம் நின்றுவிடுகிறது. அசையாத புகைப்படங்கள் வரிசையாக வர, பின்னால் குரல் மட்டும் ஓடுகிறது. ஆடும்போது அசைகிறாள், உழைக்கும்போது உறைகிறாள். இலக்கணம் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல மேற்கோள் வாய்க்காது.

விதி இருந்தால் விலக்கு இருக்கும். கையில் வேலையோடு பாடுகிறவள் மிக அரிதான இனம். அவளைப் பார்க்க 1946க்கு, எம்ஜிஎம்மின் 'தி ஹார்வி கேர்ள்ஸ்' படத்துக்குப் போகவேண்டும். இதில் கொஞ்சம் தங்கிப்போவது நல்லது, ஏனென்றால் படத்துக்குப் பின்னால் நிஜ வரலாறு இருக்கிறது. ஃபிரெட் ஹார்வி என்பவர் சாண்டா ஃபே ரயில் பாதை நெடுக உணவகங்கள் திறந்தார். அதற்கு முன் மேற்கே பயணம் போகிறவர்கள் ரயில் நிற்கும் ஊரில் கிடைத்ததைத் தின்று, கிடைத்த வயிற்றுவலியோடு போனார்கள். 1880களில் ஹார்வி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஒழுக்கமான இளம் பெண்களைப் பரிமாற அழைத்தார். கறுப்பு உடுப்பு, வெள்ளை ஏப்ரன், தங்க விடுதி, இரவில் இத்தனை மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. ரயில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு வண்டி நிறைய ஆட்களுக்கு முழுச் சாப்பாடு போட்டு அனுப்பவேண்டும். விரல் கணக்கில் நிமிடங்கள். ஆனால் மேசைவிரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கவேண்டும்.

படத்தில் ஜூடி கார்லண்டின் சூசன் பரிமாறுவதற்காக வருவதில்லை. கல்யாணம் செய்துகொள்ள வருகிறாள். கடிதத்திலேயே மனசைப் பறிகொடுத்து, முகம் பார்க்காத மாப்பிள்ளைக்காக ரயிலேறி வந்தவள். வந்து பார்த்தால் மாப்பிள்ளை வேறு, கடிதம் எழுதியவன் வேறு. எழுதியவன் ஊரின் சாராயக் கடை முதலாளி. மாப்பிள்ளைக்கும் கல்யாணத்தில் அவ்வளவு ஆசையில்லை. இருவரும் நிம்மதியாகப் பிரிகிறார்கள். அவள் ஹார்வி உணவகத்தில் வேலைக்குச் சேர்கிறாள். பரிமாறும் முறையைப் புதுப்பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதே இங்கே ஒரு பாட்டு. தட்டை எப்படிப் பிடிப்பது, மேசையை எப்படி அடுக்குவது என்று ஒரு கூட்டமே பாடிக்கொண்டு வேலை பழகுகிறது. அமெரிக்கப் பாட்டுப் படங்களில் தொழிற்பயிற்சி ஏட்டுக்கு மெட்டமைத்தது இது ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும். ரயில் வந்து நிற்கும் பாட்டு ஆஸ்கர் வாங்கியது. ஹாரி வாரன் இசை, ஜானி மெர்சர் வரிகள்.

எனக்குப் பிடித்த காட்சி பாட்டே இல்லாதது. சமையலறையில் வைத்திருந்த இறைச்சியைச் சாராயக் கடை ஆட்கள் திருடிப்போய்விடுகிறார்கள். சூசன் இரண்டு கையிலும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைகிறாள். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. பயத்தில் குரல் தடுமாறுகிறது. ஆனாலும் இறைச்சியை வாங்காமல் நகரமாட்டேன் என்று நிற்கிறாள். காதலுக்காக இல்லை, மானத்துக்காக இல்லை, மதியச் சாப்பாட்டுக்குப் போடவேண்டிய இறைச்சிக்காக. வேலையில் அக்கறை என்பதை ஹாலிவுட் இவ்வளவு நேராகச் சொன்ன இடம் அதிகம் இல்லை. காதல் பேச்சுக்கு மட்டும் படம் அவளை உணவகத்திலிருந்து வெளியே, பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய்விடுகிறது. விதி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது.

அடுத்த இனம், வேலை பறிபோன கையோடு ஆடுகிறவள். இதன் முழு உருவம் 'ஸ்விங் டைம்' (1936) படத்தின் பென்னி, அதாவது ஜிஞ்சர் ராஜர்ஸ். நடனப் பள்ளியில் ஆட்டம் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. ஃபிரெட் அஸ்டேர் அவளைத் துரத்திக்கொண்டு வந்து, ஆடவே தெரியாதவன்போலக் கால் இடறி விழுந்து, பாடம் கேட்கிறான். உலகத்திலேயே நன்றாக ஆடத் தெரிந்த மனிதன் ஆடத் தெரியாதவனாக நடிப்பதைப் பார்ப்பதில் ஒரு குரூரமான சுகம் இருக்கிறது. பென்னி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, உங்களுக்கு ஆட்டம் வராது, காசை வீணாக்காதீர்கள் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். முதலாளி காதில் அது விழுகிறது. வேலை போகிறது. வாடிக்கையாளரிடம் உண்மை பேசியதற்குத் தண்டனை; இதில் புதுமை ஒன்றும் இல்லை. அப்போதுதான் அஸ்டேர், இவள் எனக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்தாள் பாருங்கள் என்று அவளை இழுத்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறான். வேலை திரும்பக் கிடைக்கிறது. ஆக, ஒரு தொழிலாளியின் வேலைநீக்கத்தை ரத்துசெய்ய மேல்முறையீடு, அதுவும் தட்டாட்டத்தில்.

இதே படத்தில், அஸ்டேர் பியானோவில் உட்கார்ந்து இன்று உலகம் முழுவதற்கும் தெரிந்த காதல் பாட்டைப் பாடும்போது, பென்னி பக்கத்து அறையில் தலைக்குத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு இழுக்க, தலை நிறைய நுரையோடு அப்படியே வெளியே வந்து அவன் தோளில் கை வைக்கிறாள். ஜெரோம் கெர்ன் மெட்டு, டாரதி ஃபீல்ட்ஸ் வரிகள்; அந்த ஆண்டின் ஆஸ்கர். நம் அளவுகோலின்படி பார்த்தால் அவள் கையில் இருப்பது நுரை. வேலையும் இல்லை, அலங்காரமும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணின் சாயங்காலம். ஓர் உதிரிக் குறிப்பு: இந்தப் படத்தின் கடைசி ஆட்டத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட முறை காமிரா ஓடியது. ஜிஞ்சரின் காலணிக்குள் ரத்தம். திரையில் வரும் ஆட்டத்தில் ஒரு சொட்டு வியர்வைகூடத் தெரியாது. வேலையை மறைப்பது என்று நாம் சொல்வது கதைக்குள் மட்டும் நடப்பதில்லை.

இங்கே ஒரு தடை எழும். மேடையில் கூட்டமாக ஆடும் பெண்கள் வேலை செய்யும்போதே பாடுகிறார்களே, பாட்டே அவர்கள் வேலையாயிற்றே, விதி எங்கே போயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை: பாட்டில் இரண்டு வகை உண்டு, கூலிப்பாட்டு, இலவசப்பாட்டு. மேடையில் பாடுவது கூலிப்பாட்டு, கணக்கில் வராது. அதே பெண் காசு வாங்காமல், கேட்க ஒருவன் மட்டும் இருக்க, ஒரு வரி முணுமுணுத்தாலும் அது இலவசப்பாட்டு, அங்கேதான் காதல். சந்தேகமிருந்தால் எந்தப் படத்தையும் சோதித்துப் பார்க்கலாம். கல்யாணம் நிச்சயமாவது எப்போதும் இலவசப்பாட்டுக்குப் பிறகுதான்.

மேடைப் பெண்களில் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' (1933) படத்தின் பெக்கியை எல்லோருக்கும் தெரியும். பெரிய நடிகைக்குக் கணுக்கால் முறிய, பின்வரிசைப் பெண் ஒரே நாளில் முன்வரிசைக்கு வருகிறாள். இந்தக் கதையை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் திருப்பித் திருப்பிச் சொல்லி மழுங்கடித்துவிட்டதால் இங்கே நிற்க வேண்டாம். அதே ஆண்டின் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' தான் தங்கம். பெரும் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். படம் தொடங்கும்போது ஜிஞ்சர் ராஜர்ஸ் நாணயங்களாலேயே செய்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, நம்மிடம் பணம் கொழிக்கிறது என்ற பொருளில் பாடுகிறார். பாட்டு முடிவதற்குள் ஷெரிஃபின் ஆட்கள் மேடையேறி, தயாரிப்பாளர் பாக்கி வைத்த கடனுக்குச் செட்டையும் உடுப்பையும் பறிமுதல் செய்கிறார்கள். நாணயம் அணிந்த பெண்ணின் மேலிருந்து நாணயத்தைப் பிடுங்குவது ஜப்திக்கே ஓர் உச்சம். அடுத்த காட்சியில் மூன்று பெண்கள் ஒரே அறையில், ஒரே நல்ல உடுப்பை வைத்துக்கொண்டு, வாடகைக்குப் பயந்து படுக்கையைவிட்டு எழாமல் கிடக்கிறார்கள். அலீன் மக்மஹோன் ஜன்னல் வழியாக இடுக்கியை நீட்டிப் பக்கத்து வீட்டுப் பால் புட்டியை எடுக்கிறார். எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாத, பழகிய கையின் நிதானம் அது.

'கவர் கேர்ள்' (1944) படத்தில் ரீட்டா ஹேவொர்த் புரூக்ளினில் ஒரு சிறு கூடத்தில் ஆடுகிறவள். வேலை முடிந்ததும் ஜீன் கெல்லி, ஃபில் சில்வர்ஸ் இருவரோடும் ஒரு கடையில் போய் உட்கார்ந்து சிப்பி வாங்கி உடைப்பது வழக்கம். பசிக்காக இல்லை, முத்து கிடைக்காதா என்று. சம்பளம் மாதிரி ஒழுங்காக வராததை இப்படித்தான் தேடவேண்டும் போலும். அவள் முகம் பத்திரிகை அட்டையில் வந்து, பணக்கார மாப்பிள்ளை வரைக்கும் போய், கல்யாண நேரத்தில் திரும்பி வருகிறாள். ரீட்டாவின் பாட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர் மார்த்தா மியர்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளவும். இந்த இயலின் கடைசிப் பகுதிக்கு வேண்டும்.

அலுவலக இனத்துக்கு ஒரு துணைவிதி: எந்திரத்தைத் தொட்ட கை பாடாது. 'தி ஷாக்கிங் மிஸ் பில்கிரிம்' (1947) படத்தில் பெட்டி கிரேபிள் 1874ஆம் ஆண்டின் பாஸ்டனில் தட்டச்சு அடிக்க வந்த பெண். ஆண்கள் மட்டும் இருந்த கப்பல் அலுவலகத்தில் ஒரு பெண்ணும் ஒரு கருவியும் சேர்ந்து நுழைவது பெரிய அதிர்ச்சி. பாட்டுகளுக்கு மெட்டு, பத்தாண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஜார்ஜ் கெர்ஷ்வின் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து. சங்கதி நல்ல சங்கதிதான், ஆனால் படம் சப்பென்று இருக்கிறது. கால் அழகுக்கே பேர்போன நடிகைக்குத் தரையைத் துடைக்கும் பாவாடை மாட்டிவிட்டதால் என்று சிலர் காரணம் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தட்டச்சு எந்திரம் படத்தில் ஓர் அலங்காரப் பொருளாகவே இருந்துவிடுகிறது. அதன் ஓசையைத் தாளமாக எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கு நேர்மாறு 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' (1960). ஆள் வீட்டில் இல்லாதபோது டெலிபோனுக்குப் பதில் சொல்லிச் செய்தி வாங்கிவைக்கும் ஒரு நிறுவனம் புரூக்ளினில் இருக்கிறது. அங்கே ஜூடி ஹாலிடே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குரல்: ஒருவருக்குப் பாட்டி, ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரி, எழுத வராமல் தவிக்கும் நாடக ஆசிரியனுக்கு அம்மா. அந்த நாடக ஆசிரியன்தான் டீன் மார்ட்டின். அவளைப் பார்க்காமலே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அதே நிறுவனத்தில் குதிரைப் பந்தயக் கும்பல் ஒன்று, செவ்வியல் இசைத்தட்டு வியாபாரம் என்ற பெயரில் இடம் பிடிக்கிறது. இசையமைப்பாளர் பெயர் பந்தயத் திடலைக் குறிக்கும். சிம்பொனியின் எண் எந்தப் பந்தயம் என்பதைச் சொல்லும். பீத்தோவனின் பத்தாவது சிம்பொனிக்கு ஆர்டர் வருகிறது. பீத்தோவன் எழுதியது ஒன்பதுதானே என்று நம் நாயகி அக்கறையோடு திருத்திவிடுகிறாள். பந்தயப் பணம் முழுவதும் தப்பான இடத்துக்குப் போகிறது. பொது அறிவு கூடிப்போன தொழிலாளியால் ஒரு குற்றத் தொழிலே நொடித்துப்போன ஒரே கதை இது. எம்ஜிஎம்மில் தயாரிப்பாளர் ஆர்தர் ஃபிரீட் குழு எடுத்த கடைசிப் பாட்டுப் படமும், ஜூடி ஹாலிடேயின் கடைசிப் படமும் இதுதான். வேலையே நடிப்பாக, நடிப்பே அன்பாக ஆகிவிடும் இந்தப் பெண்ணை எந்த வகையில் அடக்குவது என்று பார்த்தேன். அடங்கமாட்டேன் என்கிறாள், விட்டுவிட்டேன்.

கடைப்பெண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'இன் த குட் ஓல்ட் சம்மர்டைம்' (1949) படத்தில் கார்லண்ட் இசைக்கடையில் வேலை பார்க்கிறாள். பாடிக் காட்டினால்தான் சரக்கு விற்கும் என்பதால் அவள் பாட்டில் பாதி விற்பனைத் தந்திரம். 'ஃபன்னி ஃபேஸ்' (1957) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் புத்தகக்கடைப் பெண். ஃபேஷன் பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்கிறேன் என்று கடைக்குள் புகுந்து, அலமாரிகளைத் தலைகீழாக்கிவிட்டுப் போகிறார்கள். புகைப்படக்காரனாக வரும் அஸ்டேர் போகிற போக்கில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறான். தரையெல்லாம் புத்தகம். அடுக்கவேண்டியவள், அவர்கள் விட்டுப்போன தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பாடுகிறாள். அந்தப் புத்தகங்களை அப்புறம் யார் அடுக்கினார்கள் என்று படம் சொல்லவில்லை. அஸ்டேர் அப்போது ஐம்பது வயதைத் தாண்டி எங்கேயோ போயிருந்தார், ஹெப்பர்னுக்கு முப்பது ஆகவில்லை. இதைப் பற்றி இலக்கணத்தில் விதி கிடையாது. வழக்கு மட்டும் உண்டு.

கல்யாணம் ஆனால் வேலை தீரும் என்பது இந்தப் படங்களின் பொது நம்பிக்கை. அதற்கு விலக்கு 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) படத்தின் மில்லி. 1850இன் ஆரிகனில் ஓர் உணவகத்தில் சமைத்துப் பரிமாறுகிறாள். மலையிலிருந்து இறங்கி வந்த ஆடம், கறிக்குழம்பை ருசி பார்த்துவிட்டு, வேலை செய்யும் சுறுசுறுப்பையும் கவனித்துவிட்டு, பெண் கேட்கிறான். அவளும் சம்மதிக்கிறாள். அத்தனை பேருக்குச் சமைத்த பிறகு ஒருவனுக்கு மட்டும் சமைப்பது எவ்வளவு சுகம் என்ற கனவோடு, வண்டியில் போகும் வழியில், பூப்பறித்துக்கொண்டு ஒரு பாட்டு. வீட்டுக்குப் போனால் கொழுந்தன்மார் ஆறு பேர், குளிக்காதவர்கள். கையில் பூ இருந்தது வழியில். போய்ச் சேர்ந்ததும் கரண்டி. சம்பளம் நின்றுவிட்டது, சமையல் கூடிவிட்டது. நம் வரையறைப்படி, சம்பளம் இல்லாததால் அன்றைக்கே இவள் வேலைக்குப் போகும் பெண் இல்லை. வரையறையின் பிழையா ஊர் வழக்கத்தின் பிழையா என்பதை வாசகர் தங்கள் வீட்டுச் சமையலறையில் விசாரித்துக்கொள்ளலாம்.

கணக்குப் போடுகிறவள் ஒருத்திதான் இருக்கிறாள்: 'தி பஜாமா கேம்' (1957) படத்தின் பேப் வில்லியம்ஸ், டோரிஸ் டே நடித்தது. அயோவா மாநிலத்தில் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை. மூலக்கதையை எழுதிய ரிச்சர்ட் பிஸெல் அப்படியொரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது படத்தில் தெரிகிறது. தையல் எந்திரங்கள் கடகடக்க, கடிகாரத்தோடு போட்டிபோட்டு வேலை செய்வதே முதல் பாட்டு. ஹார்வி பெண்களுக்கு அடுத்து, கையில் வேலையோடு பாடும் கூட்டம் இது. பேப் தொழிற்சங்கத்தின் குறை தீர்க்கும் குழுத் தலைவி. காதலனோ புதிதாக வந்த கண்காணிப்பாளன். இவர்களுக்கு நடுவே நிற்பது மணிக்கு 7½ சென்ட் கூலி உயர்வு. ஜாதி இல்லை, அந்தஸ்து இல்லை, பழைய காதலி இல்லை, ஏழரை சென்ட். வாரத்துக்கு 40 மணி என்று வைத்தால் வாரம் 3 டாலர், வருஷத்துக்கு 156 டாலர். இந்த வகைக் கூட்டலைச் சங்கக் கூட்டத்தில் பாட்டாகவே பாடுகிறார்கள். பட்ஜெட் நாளன்று யாராவது இதைப் போட்டுக் காட்டலாம்.

காதலன் காதலியை வேலையைவிட்டு நீக்குகிறான். அவள் எந்திரத்தை நிறுத்தியதற்காக. பிறகு அவனே ரகசியமாகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், முதலாளி அந்த உயர்வைக் கொடுத்துவிட்டதாகவே உற்பத்திச் செலவில் எழுதிக்கொண்டிருக்கிறான். கல்யாணத்துக்கு வழி திறப்பது தணிக்கையாளர் வேலைதான். முன்னே சொன்ன துணைவிதிக்கு ஓர் அழகான விலக்கும் இங்கே உண்டு. கண்காணிப்பாளன் தன் அலுவலகத்தில், கடிதம் பதிவுசெய்யும் டிக்டஃபோனில் ஒரு சோகப் பாட்டைப் பாடிப் பதிந்து, அதை ஓடவிட்டு, அதோடு தானே இரட்டைக் குரலில் பாடுகிறான். அலுவலக எந்திரத்தைச் சொந்தத் துக்கத்துக்குப் பயன்படுத்துவது மேலாளர் தரத்துக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி.

இனி எல்லைக்கல். 'மை ஃபேர் லேடி' (1964), ஆஸ்கர் எட்டு. காவென்ட் கார்டனில் பூ விற்கும் எலைசா வேலைக்குப் போகும் பெண்தானா என்று முதலில் பார்க்கவேண்டும். அவளுக்கு முதலாளி கிடையாது, கூடை அவளுடையது. கறாராகச் சொன்னால் சிறு வியாபாரி. ஆனால் அவள் கேட்டு வருவதே பூக்கடையில் ஒரு வேலை. அதற்காகத்தான் பேச்சு கற்றுக்கொடுங்கள் என்று ஒரு பேராசிரியரிடம் காசோடு வந்து நிற்கிறாள். வேலைக்குப் போக விரும்புகிறவளையும் சேர்த்துக்கொள்வோம். ஆட்ரி ஹெப்பர்னுக்கு இந்தப் படத்தில் சம்பளம் பத்து லட்சம் டாலர். ஏழு ஆண்டுக்கு முன் புத்தகக்கடைப் பெண்ணாகத் தன் குரலிலேயே பாடியவர்தான் அவர். பூக்காரிக்கு அந்தக் குரல் போதாது என்று முடிவாயிற்று. பெரும்பாலான பாட்டுகளைப் பாடியவர் மார்னி நிக்ஸன். திரையில் அவர் பெயர் வரவில்லை. பேராசிரியரைத் திட்டிப் பாடும் பாட்டை மட்டும் கவனித்துக் கேட்டால் ஒரு தையல் தெரியும். திட்டும் முதல் பகுதி ஹெப்பர்னின் சொந்தக் குரல். ராஜா தன்னைக் கொண்டாடுவதாக அவள் கனவு காணும் நடுப்பகுதியில் மெட்டு மேலே போகிறது, குரல் நிக்ஸனுடையது. மறுபடி திட்டத் தொடங்கியதும் ஹெப்பர்ன் திரும்பி வந்துவிடுகிறார். கோபம் அவளுடையது, கனவு வாடகைக்கு.

பின்னணிப் பாடகியின் படத்தை இசைத்தட்டு உறையில் நாயகியின் படத்தைவிடப் பெரிதாகப் போட்டுப் பழகிய நமக்கு, ஹாலிவுட் இதை ஏன் களவுபோல மறைத்தது என்று விளங்காது. 'சிங்கிங் இன் த ரெயின்' (1952) அந்தக் களவைத்தான் கதையாகவே சொல்கிறது. திரைக்குப் பின்னால் நின்று இன்னொருத்திக்குக் குரல் கொடுக்கும் ஏழைப் பெண்ணுக்குக் கடைசியில் நியாயம் கிடைக்கிறது, திரை விலகுகிறது, கூட்டம் கைதட்டுகிறது. அந்த ஏழைப் பெண்ணாக நடித்த டெபி ரெய்னால்ட்ஸுக்கு, குரல் கொடுக்கும் அந்தக் காட்சியின் பாட்டில் குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ். அவர் பெயரும் திரையில் இல்லை.

மார்த்தா மியர்ஸ், பெட்டி நாய்ஸ், மார்னி நிக்ஸன் ஆகியோரை நம் அளவுகோலால் அளந்தால் முடிவு தெளிவு. சம்பளத்துக்கு வந்தவர்கள்; பாட்டு தொடங்கும்போது கையில் இருப்பது இசைக்குறிப்பு; அதுவே வேலை. ஹார்வி பெண்களோடும் பைஜாமா தைத்தவர்களோடும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியவர்கள். கூலி விஷயத்தில் நிக்ஸன் பேப் வில்லியம்ஸுக்குத் தங்கைதான். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் கல்யாண உடுப்புக் கடையில் தைக்கும் மரியாவுக்கு, அதாவது நட்டாலி வுட்டுக்கு, குரல் அவர். இசைத்தட்டு விற்பனையில் பங்கு வேண்டும் என்று கேட்டார். கம்பெனி தருவதாக இல்லை. கடைசியில் இசையமைப்பாளர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து கால் சதவீதத்தை எடுத்துக் கொடுத்தார்.

இத்தனை நாயகிகளுக்குப் பாடிய அந்த அம்மையார் 1965இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் தன் முகத்தோடும் தன் குரலோடும் திரையில் வந்தார். அந்தப் படத்தின் நாயகி மரியாவைப் பற்றி மடத்தில் கூடிநின்று குறை பாடும் சகோதரிகளில் ஒருவராக, சிஸ்டர் சோஃபியாவாக. படம் நம் கால எல்லைக்கு ஓர் ஆண்டு பிந்தியது என்பதைக்கூடப் பெருந்தன்மையோடு தள்ளிவிடலாம். ஆனால் கன்னியாஸ்திரிக்குச் சம்பளம் கிடையாது. வரையறை இடம் கொடுக்கவில்லை.